பொத்தானை அழுத்தும் விரல்

1987ஆம் ஆண்டு நியூசிலாந்தின் வடபகுதியிலுள்ள வைட்டாங்கி காட்டில் கிவிப் பறவைகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தன. ஆய்வுக்காக ரேடியோக் கருவி பொருத்தப்பட்டிருந்தவற்றில் மட்டும் 13 பறவைகள் கொல்லப்பட்டிருந்தன. கொன்றது ஒரே ஒரு நாய். கழுத்தில் பட்டையோடு திரிந்த ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை. யாரோ வளர்த்து, எப்படியோ காட்டுக்குள் வந்துவிட்டது. அந்தக் காட்டிலிருந்த ஏறக்குறைய 900 கிவிகளில் 500 வரை அது கொன்றிருக்கலாம் என்று ஆய்வாளர் மைக்கேல் டபோர்ஸ்கி மதிப்பிட்டார். கிவிக்குப் பறக்கத் தெரியாது. பறக்கும் பறவைகளுக்கு இருக்கும் வலுவான மார்பெலும்பும் அதற்குக் கிடையாது. நாய் கடித்துக் குதற வேண்டியதில்லை, விளையாட்டாகக் கவ்வினாலே மார்புக்கூடு நொறுங்கிவிடும்.

அந்நாட்டில் கிவி வாழும் பல அரசுக் காடுகளுக்கு வேட்டைநாயோடு போக வேண்டுமென்றால், நாய் முதலில் ஒரு பயிற்சியில் தேற வேண்டும். கழுத்தில் மின்பட்டையை மாட்டி நாயை ஒரு பாதையில் நடத்திப் போவார்கள். வழியில் பாடம்செய்த கிவி இருக்கும், இறகு இருக்கும், எச்சம் இருக்கும். நாய் மூக்கை நீட்டி முகரும் கணத்தில் கழுத்தில் மின்னதிர்ச்சி. பல நாய்கள் அதன்பின் அந்த வாசனை வந்தாலே விலகிப் போய்விடுகின்றன. சில காலம் கழித்து மறுபடி சோதிக்கிறார்கள்.

மின்பட்டை கூடாது என்று சொல்கிறவன் நான். அப்படிச் சொல்கிற எவரும் முதலில் இந்தக் காட்டுக்குள் வந்து நின்று பேச வேண்டும் என்றும் நினைக்கிறேன். வரவேற்பறையில் சோபாவைக் கடிக்கும் குட்டியை வைத்துக்கொண்டு இந்த வழக்கை வெல்வது எளிது. 500 பறவைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது அவ்வளவு எளிதல்ல.

வழக்கில் இருக்கும் கருவிகள் மூன்று. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின். உட்புறம் மழுங்கிய முட்கள் கொண்ட, இழுக்கும்போது முட்கள் தோலை நெருக்கும் பிராங் காலர் எனப்படும் முள்பட்டை. மூன்றாவது ஷாக் காலர் எனப்படும் மின்பட்டை: தொண்டைத் தோலைத் தொடும் இரண்டு உலோக முனைகள், ஒரு பேட்டரி, தொலைவில் நின்று இயக்க ஒரு ரிமோட். குரைத்தால் தானாகவே அதிர்ச்சி தரும் வகையும் உண்டு, அதற்கு ஆளே தேவையில்லை. சோக் செயின் நம்மூர் நாய்ச்சாமான் கடைகளில் வெகுகாலமாகத் தொங்குகிறது. மின்பட்டையை இப்போது கைப்பேசியில் தேடி, வீட்டு வாசலில் வாங்கிக்கொள்ளலாம்.

எதிர்ப்பாளர்களில் பலர் இந்தக் கருவிகள் வேலை செய்யாது என்கிறார்கள். அது உண்மையல்ல. வேலை செய்கின்றன, சில சமயம் வியக்கும் வேகத்தில். வேலை செய்யாதிருந்தால் வலியால் பழக்கும் இந்த முறை நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்திருக்காது.

ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரக் காவல்துறையில் கொன்ராட் மோஸ்ட் போலீஸ் நாய்களைப் பழக்கத் தொடங்கியது 1906இல். அவருடைய கையேடு 1910இல் வந்தது. அவரைக் கொடுமைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. செயலும் பலனும் நாயின் மனத்தில் இணைய வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே கணநேர இடைவெளிகூட இருக்கலாகாது என்பதை உளவியலாளர்கள் சோதனைச்சாலையில் நிறுவுவதற்கு முன்பே களத்தில் கண்டு எழுதியவர். ஆனால் நாய் மறுத்தால் அவரிடம் இருந்தது பிரம்பும் முள்பட்டையும். அந்த முறை முதல் உலகப்போருக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கு நாய் பழக்கி, பிறகு டிஸ்னி படங்களின் நாய்களையும் பழக்கிய வில்லியம் கோலர் 1962இல் எழுதிய நூல் வீட்டு நாய்களுக்கும் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தது. தோட்டத்தில் குழி பறிக்கும் நாயைத் திருத்த அவர் சொன்ன வழி: அதே குழியில் நீரை நிரப்பி நாயின் தலையை அதில் அமுக்க வேண்டும்.

இந்தக் கடுமைக்கு ஓநாயைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் பாசல் விலங்குக் காட்சியகத்தில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து, சண்டையிட்டுக் கூட்டத்தை அடக்கி ஆளும் ‘ஆல்ஃபா’ ஓநாய் பிறந்தது. டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது. நாய் உன்னை அடக்கப் பார்க்கிறது, நீ முந்திக்கொள் என்று பயிற்சியாளர்கள் பாடம் சொன்னார்கள். அதே மெக் பின்னர் வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு, 1999இல் வேறொன்றை எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள். அங்கே பதவிச் சண்டை இல்லை, பெற்றோர் முன்னே போகப் பிள்ளைகள் பின்னே போகின்றன. தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரை நெடுங்காலம் கேட்டு வந்த அந்த மனிதரின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நம்மூர் நாய்ப் பயிற்சியாளர்கள் பலர் இன்னும் பாசல் காட்சியகத்து ஓநாயோடுதான் வாழ்கிறார்கள்.

இந்த விவாதத்தில் இரு தரப்பும் மேற்கோள் காட்டும் ஒரு சோதனை உண்டு. இரு தரப்பும் அதை அரைகுறையாகவே சொல்கின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்தி 1967இல் வெளியிட்டது அது. நாய்களை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவு நாய்க்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் பக்கத்திலுள்ள பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இரண்டாம் பிரிவுக்கும் அதே அதிர்ச்சி, அதே நேரம், அதே அளவு. ஆனால் அந்த நாய் என்ன செய்தாலும் நிற்காது, முதல் நாய் நிறுத்தும்போதுதான் நிற்கும். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. பிறகு எல்லா நாய்களையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவே தாழ்வான தடுப்பு. இந்தப் பக்கத் தரையில் மின்சாரம் பாயும், தாண்டிக் குதித்தால் தப்பலாம். முதல் பிரிவும் மூன்றாம் பிரிவும் விரைவில் குதிக்கக் கற்றுக்கொண்டன. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை குதிக்கவில்லை. கொஞ்சம் ஓடின, பிறகு படுத்து முனகியபடி மின்சாரத்தை வாங்கிக்கொண்டன. அவற்றைத் தேற்ற என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தடுப்பை எடுத்தார்கள், அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்கள், உணவைக் காட்டினார்கள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் கழுத்தில் வாரைக் கட்டி அந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள். ஒருமுறை, இருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. அதன்பிறகே அந்த நாய்கள் தாமாகத் தாண்டத் தொடங்கின.

கற்றுக்கொண்ட கையறுநிலை என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். மனச்சோர்வைப் புரிந்துகொள்ள இது உதவியது, செலிக்மன் பெரும் புகழ் பெற்றார். ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பின், மூளை பற்றிய ஆய்வுகளின் வெளிச்சத்தில், அதே இருவரும் 2016இல் தங்கள் முடிவைத் திருத்தி எழுதினார்கள். கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுவதல்ல. நீடித்த துன்பத்தின் முன் உயிர் செயலற்றுப் போவது மூளைத்தண்டிலேயே எழுதப்பட்ட இயல்பு. நான் ஏதாவது செய்தால் இது மாறும் என்ற அறிவுதான் கற்றுக்கொள்ளப்படுவது. மூளையின் முன்பகுதி அதைக் கண்டுகொண்டால், கீழிருந்து வரும் செயலின்மையை அடக்குகிறது. ஒருமுறை அதைக் கற்ற உயிர் பின்னால் வரும் துன்பத்தையும் தாங்குகிறது.

மின்பட்டைக்காரர்களில் விவரமானவர்கள் இங்கே குறுக்கிட்டு ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். முதல் பிரிவு நாய்க்கும் அதே அதிர்ச்சிதானே, அது உடைந்து போகவில்லையே? எங்கள் முறையிலும் கூப்பிட்டதும் நாய் திரும்பி வந்தால் அதிர்ச்சி நிற்கிறது, அதாவது பலகை நாயின் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் பழைய சான்று ஒன்றும் அவர்களுக்கு உண்டு. ரஷ்ய உடலியலாளர் பாவ்லவின் ஆய்வுக்கூடத்தில் எரோஃபேயவா என்ற பெண் ஆய்வாளர் மின்னதிர்ச்சியையே உணவின் அறிகுறியாக்கிப் பழக்கினார். நாய்கள் வலியைக் காட்டாமல் வாலை ஆட்டி எச்சில் வடித்தன. மின்முனையை உடலின் வேறு வேறு இடங்களுக்கு மாற்றிக்கொண்டே போனபோதுதான் திடீரென எல்லாம் குலைந்தது, நாய்கள் வெறிகொண்டன.

இந்த வாதத்தை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எந்தச் செயலால் வலி நிற்கிறது என்பது நாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். சோதனைச்சாலையில் அதைப் பார்த்துக்கொண்டது கருவி. அது ஒருபோதும் தாமதிக்காது, கோபப்படாது, நேற்று அனுமதித்ததை இன்று தண்டிக்காது. பூங்காவில் அந்த இடத்தில் இருப்பது ஒரு மனிதர். அலுவலகத்திலிருந்து களைத்து வந்தவர். நாய் தெருநாயைப் பார்த்துப் பாய்கிறது. அவர் ரிமோட்டைத் தேடி எடுத்து அழுத்தும்போது நாய் ஏற்கெனவே திரும்பிவிட்டது, ஒரு குழந்தை மிதிவண்டியில் கடந்து போகிறது. வலி எதனோடு போய் ஒட்டிக்கொண்டது? தெருநாயோடா, திரும்பியதோடா, குழந்தையோடா? நாயிடம் கேட்க முடியாது. பல மாதங்கள் கழித்து அந்த நாய் ஒரு மிதிவண்டியைத் துரத்திக் கடித்தால், எங்கிருந்து வந்தது இந்தக் கோபம் என்று வீட்டார் திகைப்பார்கள். அந்த நாயைப் பொறுத்தவரை அது இரண்டாம் பிரிவில்தான் இருந்தது.

கைதேர்ந்தவர்களிடமும் இது நேர்கிறது. நெதர்லாந்தில் ஷில்டரும் வான் டெர் போர்கும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் காவல்பணிக்குப் பழக்கப்பட்ட 32 நாய்களும் அவை வாங்கிய 107 அதிர்ச்சிகளும் பதிவாகியிருக்கின்றன. உடலைத் தாழ்த்துதல், நாக்கை வெளியே நீட்டி இழுத்தல், அலறுதல், சில வேளை கடிக்கத் திரும்புதல். என்னை உறுத்துவது அதற்கு அடுத்த பகுதி. அந்த நாய்களை வேலை எதுவும் இல்லாமல், பயிற்சித் திடலுக்கு வெளியே, ஒரு சாதாரணப் பூங்காவில் நடத்திப் பார்த்தார்கள். அதிர்ச்சி வாங்கிய நாய்கள் அங்கும், தம் எஜமானர் பக்கத்தில் இருந்த ஒரே காரணத்தால், மற்ற நாய்களைவிடப் பதற்றமாக இருந்தன. அந்த மனிதர் வந்தால் வலி வரும் என்பதே அவை கற்றது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 63 நாய்களை மூன்று குழுவாக்கி நடத்திய ஆய்வு 2014இல் வந்தது. கூப்பிட்டால் வராதவை, ஆட்டைத் துரத்துபவை போன்ற நாய்கள். மின்பட்டையைக் கையாண்டவர்கள் அதன் உற்பத்தியாளர்களே பரிந்துரைத்த பயிற்சியாளர்கள். பட்டை இல்லாமல் பழக்கிய நாய்களைவிட அவை கூடுதலாகத் தேறவில்லை, பதற்றம் மட்டும் கூடியிருந்தது. போர்ச்சுகலில் 92 நாய்களைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒரு பக்கம் கிண்ணம் வைத்தால் உணவு இருக்கும், மறுபக்கம் வைத்தால் இருக்காது என்று நாய்க்குப் பழக்கிவிட்டு, நடுவில் வைத்தார்கள். இருக்குமா, இருக்காதா? தண்டனை மிகுந்த பயிற்சிப் பள்ளிகளிலிருந்து வந்த நாய்கள் அந்தக் கிண்ணத்தை நோக்கி மெதுவாக நடந்தன. நல்லது இருக்கும் என்ற எதிர்பார்ப்பே அவற்றில் மங்கியிருந்தது.

மறுபக்கச் சான்றையும் மறைக்க மாட்டேன். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 19 நாய்களைக் கொண்டு நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஓடும் பொம்மையைத் துரத்துவதை மின்பட்டை சில அமர்வுகளிலேயே நிறுத்தியது. உணவைக் கொண்டு பழக்கிய நாய்கள் அந்தக் கால அளவில் நிறுத்தவில்லை. அதிர்ச்சி வாங்கும்போது நாய்கள் கத்தின, ஆனால் மலத்தில் அளந்த மனவழுத்தச் சுரப்பில் வேறுபாடு தெரியவில்லை. உணவு முறைக்கு உரிய காலமும் படிநிலைகளும் கொடுக்கப்படவில்லை என்று பலர் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. துரத்தல் நாய்க்குப் பிஸ்கட்டைவிடப் பெரிய பரிசு. விலங்குகளைப் பரிசால் பழக்குவதைத் தொழிலாகவே கொண்டிருந்த கெல்லர், மரியன் பிரேலண்ட் இணையர் 1961இலேயே இதை வெளிப்படையாக எழுதினார்கள். உண்டியலில் காசு போடப் பழகிய ரக்கூன், நாளாக நாளாகக் காசுகளைப் போடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே நின்றது. பிறவிக் குணம் பயிற்சியை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

ஆகவே கிவிக் காட்டில் நான் வழக்காட மாட்டேன். நாயை வாரில் பிடித்துப் போவதே சிறந்தது, நாயில்லாமல் போவது இன்னும் சிறந்தது. ஆனால் அந்த நிலத்திலேயே பண்ணை வைத்திருப்பவரின் நாய்க்கு, பழக்கமுள்ள ஒருவர் மேற்பார்வையில், மிகச் சில முறை மட்டும், வலி பறவையிலிருந்தே வந்ததாக நாய் நம்பும்படி அதைச் செய்தால், அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் உயிரினத்தை முன்னிட்டு அதை நான் பொறுத்துக்கொள்வேன். நான் கேட்பது வேறு. இந்த ஒரு காட்டைக் காட்டித்தானே பட்டையை நகரத்துக்குக் கொண்டுவந்தீர்கள்? மூன்றாவது மாடியில் நாளெல்லாம் தனியே கிடந்து, மாலையில் லிஃப்ட் சத்தம் கேட்டுக் குரைக்கும் லாப்ரடார் எந்தக் கிவியைக் கொன்றது?

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் குரைப்புப் பற்றிப் புகார் வருகிறது. அடுத்த வாரம் நாயின் கழுத்தில் பட்டை ஏறுகிறது. குரைப்பு நின்றுவிடுகிறது. குழுவில் நன்றி தெரிவிக்கிறார்கள். தனிமை, வெயில், கால் நீட்டி ஓட இடமின்மை, எதுவும் மாறவில்லை, அதைச் சொல்லும் குரல் மட்டும் போய்விட்டது. உறுமலும் அப்படித்தான். உறுமல் நாயின் எச்சரிக்கை. அதைத் தண்டித்து அடக்கினால் பயம் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை இருக்காது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு 2009இல் வெளியான ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரும், ‘ஆல்ஃபா’ பாடத்தின்படி நாயை மல்லாத்தி அமுக்கியவர்களில் 31 சதவீதத்தினரும் பதிலுக்கு நாயின் சீற்றத்தைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவை முன்பே நடத்தைக் கோளாறுக்காக வந்த நாய்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் பயிற்சியாளரைத் தேடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாய் வைத்திருப்பவர்கள்தானே.

இதுவரை சொன்னதெல்லாம் நாய்க்கு நேர்வது. எனக்கு அதைவிடக் கவலை தருவது மனிதருக்கு நேர்வது.

நடத்தையியலாளர் முர்ரே சிட்மன் 1989இல் வற்புறுத்தலைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். தண்டனை எவரைப் பழக்குகிறது என்று பார்க்கத் தொடங்கினால், முதலில் தண்டிப்பவரையே பழக்குகிறது என்பது அதில் வரும் கருத்துகளில் ஒன்று. நாய் குரைக்கிறது, எரிச்சலாக இருக்கிறது. பொத்தானை அழுத்துகிறார். அந்தக் கணமே அமைதி. பிஸ்கட் வாங்கிய நாயைப் போல அந்த விரலும் பரிசு வாங்கிவிட்டது. நாளை இன்னும் விரைவாக அழுத்தும். அளவு 10இல் பலன் குறைந்தால் 20க்குப் போகும். பரிசால் பழக்குகிறவருக்கு இத்தகைய உடனடிப் பரிசு கிடைப்பதில்லை. அவர் நாயைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறது, எதைக் கண்டு பயப்படுகிறது, எவ்வளவு தூரத்தில் நிதானமாக இருக்கிறது என்று நாளுக்கு நாள் படிக்க வேண்டும். அந்தப் படிப்பு அலுப்பானது, மெதுவானது. அந்தப் படிப்பில்தான் நாய்க்கும் மனிதருக்கும் இடையில் ஏதோ உண்டாகிறது. பொத்தான் அந்தப் படிப்பைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. இந்தக் கருவியின் மீது எனக்குள்ள முதல் குற்றச்சாட்டு இதுவே. வலியின் அளவை இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

நமக்கு இது புதிய கதை அல்ல. அடியாத மாடு படியாது என்றோம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்றோம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்ன தகப்பன்மார் அன்பில்லாதவர்கள் அல்ல. பிரம்பும் வேலை செய்தது. வகுப்பு அமைதியாக இருந்தது, வாய்ப்பாடு ஒப்பிக்கப்பட்டது. கணக்கைக் கண்டாலே வயிறு கலங்கும் ஒரு தலைமுறை அதிலிருந்துதான் வந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தபோது, பிரம்பு பலிக்காது என்று யாரும் நிரூபித்துவிட்டு அதைச் செய்யவில்லை. குழந்தைக்கு அதைச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தோம், அவ்வளவுதான். பிரம்பில்லாமல் எப்படி வகுப்பெடுப்பது என்பதை ஆசிரியர்கள் அதன் பிறகே கற்க வேண்டியிருந்தது, இன்னும் கற்கிறார்கள்.

வலியில்லாத வழி கனவல்ல. 1960களில் ஹவாயின் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் டால்பின்களைப் பழக்க வந்த கேரன் பிரையருக்குச் சங்கிலி உதவியிருக்காது. டால்பினுக்குக் கழுத்துப்பட்டை போட முடியாது, அடித்தால் நீந்திப் போய்விடும். ஒரு விசில், ஒரு மீன், மிகுந்த பொறுமை, இவை மட்டுமே கையில் இருந்தன. அவற்றைக் கொண்டு டால்பின்கள் புதிய வித்தைகளைத் தாமே கண்டுபிடிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். அந்த முறைதான் நாய்களுக்கு வந்து கிளிக்கர் பயிற்சியானது. பார்வையற்றவரைச் சாலை கடத்திவிடும் நாயின் வேலையைவிடப் பிழைக்கு இடமில்லாத வேலை வேறென்ன இருக்கிறது? அமெரிக்காவின் பெரிய வழிகாட்டி நாய்ப் பள்ளிகளே பழைய வார்-இழுப்பிலிருந்து விலகி இந்த வழிக்கு மாறியிருக்கின்றன. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021இல் தன் நிலைப்பாட்டை எழுதியபோது விதிவிலக்கு வைக்கவில்லை: முரட்டு நாய் உட்பட எல்லா நாய்க்கும் பரிசு சார்ந்த பயிற்சியே.

நம் நாட்டு நாய்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் புத்தி மட்டு, பழக்க முடியாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்ணால் இரையைக் கண்டு, ஆளை விட்டு வெகுதூரம் ஓடி, அங்கே தானே முடிவெடுத்து வேட்டையாடுவதற்கென்றே தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை அவை. ஒவ்வொரு சொல்லுக்கும் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குணம் அவற்றிடம் இருந்திருந்தால் முயல் தப்பியிருக்கும். அந்த நீண்ட மெல்லிய கழுத்தில் சோக் செயினைப் போட்டு வெடுக்கென்று இழுப்பதைப் பார்க்கும்போது, மூச்சுக்குழல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

சட்டங்கள் மெல்ல நகர்கின்றன. மனிதரைவிட ஆடுகள் அதிகமாக உள்ள வேல்ஸ், நாய்களின் மின்பட்டையை 2010இல் தடை செய்தது. ஆட்டைத் துரத்தும் நாயை உழவர் சுட்டுக்கொல்லச் சட்டம் இடம்தரும் மண் அது. அங்கேயே தடை சாத்தியமானது. ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006இல் தந்த தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நான் குறைந்த அளவில்தான் பயன்படுத்துகிறேன் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. கணிசமான வலியைத் தரக்கூடிய கருவி என்பதே தடைக்குப் போதும் என்றது. அந்நாட்டில் 2022இன் தொடக்கத்தில் பயிற்சியில் முள்பட்டைகளும் தடையாயின. பெர்லின் காவல்துறை தன் நாய்கள் பலவற்றைப் பணியிலிருந்து நிறுத்திவைக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் விதிகள் எழுதப்பட்டு, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வரவேண்டியவை, மக்களவை வாக்கெடுப்புக்கு வராமலே கிடப்பில் போயின.

நம்மிடம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தேவையற்ற வலியைத் தருவது குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். 1960இல் அது ஒரு தொகை. இன்று ஒரு மின்பட்டையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இந்தக் கருவிகளைப் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்த வேண்டும் என்பது என் தரப்பு. வனத்துறை போன்ற அமைப்புகளுக்கு ஏதேனும் அபூர்வத் தேவை வந்தால் அனுமதி கேட்டு, பதிவேட்டில் எழுதிவிட்டுப் பயன்படுத்தட்டும்.

சட்டம் வரும்வரை முடிவு நாய் வளர்ப்பவர் கையில். “சார், ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க, வேற நாயா திருப்பித் தர்றேன்” என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால், விட்டுவிட்டு வராதீர்கள். என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும், தவறாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும் என்று நேராகக் கேளுங்கள். கழுத்தில் என்ன மாட்டுவீர்கள் என்று கேட்டு அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் நானும் கூட இருப்பேன் என்று சொல்லுங்கள். அதற்கு ஒப்பாதவரிடம் உங்கள் நாயை ஒப்படைக்க வேண்டாம்.